செவ்வாய்தோறும் சிக்னல் சாகும்!

செல்போன் அலறியது.

செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்று பத்து.

திருநாவுக்கரசு ஆபீஸ் மேஜையில் தயிர் சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காரசாரமாக ஒரு புகார் ஈமெயில் எழுதி முடித்திருந்தார். மனைவியின் காரில் மாட்டியிருக்கும் டிராக்கர் மறுபடியும் மக்கர் பண்ணிவிட்டது. விற்ற கம்பெனியைச் சும்மா விடுவாரா?

போனை எடுத்தார்.

"அரசு சார்! நான் மகேசன்... பென்ரோஸ் கன்டெய்னர் யார்டு ஷிப்ட் மேனேஜர்..." எதிர்முனையில் மூச்சு வாங்கியது. "உடனே வாங்க சார்!"

"என்னய்யா? சிக்னல் போயிடுச்சா?"

"ஆளே போயிட்டான் சார்!"

தயிர் சாத டப்பாவைத் தொடாமலே மூடினார்.

திருநாவுக்கரசுக்கு வயது ஐம்பத்தாறு. திருச்சிக்காரர். ஆக்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். இயந்திரங்கள் நெருக்கியடித்து ஓடும் யார்டுகளில், குவாரிகளில், ஜிபிஎஸ் கருவிகளை மற்ற ரேடியோ அலைகள் கெடுத்துவிடாமல் காப்பாற்றுவதுதான் உத்தியோகம்.

அதை அவர் சும்மா செய்யமாட்டார். சொல்லிக்கொண்டே செய்வார்!

அவர் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் யார் வீட்டு பர்த்டே பார்ட்டி என்றாலும், பஜ்ஜித் தட்டோடு மாட்டியவர் செத்தார். "சாட்டிலைட் சிக்னல் தரைக்கு வர்றப்போ கொசு கத்துற மாதிரி சார்! கார்ல சிகரெட் லைட்டர் இருக்கும் பாருங்க... அதுல சொருகுற சின்ன ப்ளக் ஒண்ணு போதும். கொசு காலி! இன்டர்நெட்ல கூவிக்கூவி விக்கிறான்!"

பக்கத்தில் பேப்பர் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கும் மரகதம் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பாள். பாவம், புருஷன் பேச்சு. கேட்டுத்தானே ஆகவேண்டும்!

*

யார்டின் பின்பக்கம். கம்பி வேலியிலிருந்து ஐம்பதடி.

நாலு மாடி உயரத்துக்குக் கால்களை விரித்து, வயிற்றில் கன்டெய்னரைக் கவ்விக்கொண்டு ஓடும் ராட்சத வண்டி ஒன்று அசையாமல் நின்றது. அதன் டயருக்கு அந்தப் பக்கம்... நீலத் தார்ப்பாய்.

தார்ப்பாய்க்கு அடியில் மனிதன்.

சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் அடுக்குக் கேரியர் நசுங்கிக் கிடந்தது. மூடி ஒரு பக்கம். அதிலிருந்து உருண்ட இரண்டு பச்சை ஃபிஜோவா பழங்கள் ஒரு பக்கம்.

"நீங்கள்தானே இஞ்சத்தை ஜிபிஎஸ் ஆள்?"

யாழ்ப்பாணத்துத் தமிழ். திரும்பினார். முப்பத்தைந்து வயதுப் பெண். கழுத்தில் போலீஸ் அடையாள அட்டை.

"டிடெக்டிவ் தனுஷா. ஆளைத் தெரியுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

தார்ப்பாயின் நுனியைத் தூக்கினாள்.

திருநாவுக்கரசு பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே கன்டெய்னரில் சாய்ந்துவிட்டார்.

"சார்... என்ன சார்?" மகேசன் தாங்கிப் பிடித்தான்.

"ஜஸ்வின்..."

"ஆமா சார். எட்டு மாசமா இங்க வேலை பாக்குறான். நல்ல பையன். மலேசியாக்காரன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே முகம் அவர் வீட்டு வாசலில் நின்றது. பக்கத்தில் சிந்து... அவருடைய ஒரே மகள். 'அங்கிள், ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?' என்று கேட்டது அந்த முகம். சர்ச்சுக்குப் போகிறவன்! கன்டெய்னர் கட்டுகிற வேலை! அந்த முகத்தில்தான் கதவை அறைந்து சாத்தினார். இனி இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று மரகதத்துக்கு உத்தரவு போட்டார்.

"என் மாப்பிள்ளை," என்றார் திருநாவுக்கரசு.

அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்கவேண்டியவன் கேட்கும் நிலையில் இல்லை.

*

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றாள் தனுஷா. "வண்டிக்காரன் மேல இருந்து கீழ பார்க்கேலாது. ஆனா திரையில ஆக்கள் நிக்கிற இடம் தெரியுமாம். கிட்ட ஆள் வந்தால் வண்டி தானே நிக்குமாம். ஏன் நிக்கேல்ல?"

கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் பதிவுகளை ஓட்டிக்கொண்டிருந்த திருநாவுக்கரசின் கண்கள் சிவந்திருந்தன.

"ஒவ்வொருத்தர் சட்டையிலயும் கட்டைவிரல் சைஸ்ல ஒரு டேக் இருக்கும்மா. அதுவும் ஜிபிஎஸ்தான். ஆள் எங்க நிக்கிறான்னு வண்டிக்குச் சொல்லும். இன்னிக்கு அது தப்பாச் சொல்லிடுச்சு. வண்டி முன்னாடி நின்னவனை... நூறடி தள்ளி நிக்கிறான்னு சொல்லிடுச்சு!"

"வண்டியிண்ட ஜிபிஎஸ்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. ஸ்பெஷல் ஆன்டெனா, ஃபில்டர் எல்லாம் நான்தான் போட்டேன். கெட்ட அலை வந்தாத் தடுத்துடும். டேக் சின்னது. அதுல எதையும் வெக்க இடமில்ல." நெற்றியில் அறைந்துகொண்டார். "இயந்திரத்துக்கெல்லாம் குடை பிடிச்சேன்மா... மனுஷனுக்குப் பிடிக்கல!"

"கெட்ட அலை எங்கயிருந்து வந்தது?"

திரையில் விரலை வைத்தார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பி, பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அடங்கியிருந்தது.

"பின்பக்க வேலிக்கு வெளிய. ரோட்டோரம். எவனோ கார்ல சிக்னலைக் கொல்ற ஜாமர் வெச்சுக்கிட்டு வந்து நின்னிருக்கான். சிக்னலை முழுசா அடிச்சிருந்தாக்கூட வண்டி எல்லாம் பயந்து நின்னிருக்கும். அரைகுறையா அடிச்சதுதான் எமன்! டேக் செத்தும் சாகாம உளறியிருக்கு. வேலிகிட்டப் போகப் போக உளறல் ஜாஸ்தி..."

"அந்த நேரத்தில உங்கட மருமகன் வேலிப் பக்கம் ஏன் போனவர்?"

"தெரியல. லஞ்ச் டைம். கேரியரோட வெயில்ல உக்காந்து சாப்பிடப் போயிருப்பான்." மேஜையில் குத்தினார். "எந்த நாய்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்! இந்த நாட்டுல ஜாமர் வெச்சிருக்கிறதே குத்தம்!"

"சேர்... நீங்கள் இறந்தவருக்குச் சொந்தம். ரிப்போர்ட் எழுத நாங்கள் வேற இஞ்சினியரைக் கூப்பிடுவம்."

"ரிப்போர்ட்டை யார் வேணா எழுதட்டும். பதிவைப் பாக்க மட்டும் விடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

தனுஷா அவரையே பார்த்தாள். பிறகு தன் செல்போனில் எடுத்திருந்த ஏதோ ஒரு போட்டோவைப் பார்த்தாள்.

"ஓம். பாருங்கோ," என்றாள்.

*

நியூ லின். ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன யூனிட். வீட்டு முன்னால் காய்த்துத் தொங்கும் ஃபிஜோவா மரம்.

அவர் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தைக் கடக்க அவருக்கு இரண்டு வருஷமும் ஒரு பிணமும் தேவைப்பட்டிருக்கிறது!

கதவு திறந்தே இருந்தது. போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சிந்து சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. ஏழாவது மாதம். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் படுக்கச் சொல்லி இரண்டு மாதமாகிறதாம். அதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்? யாரைச் சொல்லவிட்டார்?

"சிந்தும்மா..."

அவள் எழவில்லை. "பாத்தீங்களாப்பா அவனை?"

"பாத்தேன்மா."

"இப்பவாவது முகத்தைப் பாத்துப் பேசினீங்களா?"

திருநாவுக்கரசு தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இது ஆக்ஸிடென்ட் இல்லம்மா. எவனோ பின்பக்க வேலிகிட்டக் காரை நிறுத்தி ஜாமர் போட்டிருக்கான். சிகரெட் லைட்டர்ல சொருகுற ப்ளக்... அதுதான் அவன் டேக்கைக் கெடுத்துடுச்சு."

சிந்துவின் அழுகை சட்டென்று நின்றது.

"பின்பக்க வேலியா?"

"ஆமா."

"எப்போ?"

"பன்னெண்டரைக்கு மேல."

அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் தன் மகளிடம் பார்த்ததில்லை.

"அந்த ப்ளக்கை ஒருத்தர் எதுக்குப்பா வாங்குவாங்க?"

"ஒளியறதுக்குத்தான்! போற இடம் தெரியக்கூடாதுன்னு நினைக்கிற திருட்டுப் பய!"

"ஒளியறதுக்கு..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டுபிடிங்கப்பா. போலீஸ் இல்ல... நீங்களே கண்டுபிடிக்கணும். யாரா இருந்தாலும் விடக்கூடாது. ப்ராமிஸ்?"

"சத்தியம்மா! உன் தலைமேல சத்தியம்!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகள் ஒன்று கேட்டிருக்கிறாள். அதைச் செய்து முடித்தால் ஒருவேளை மறுபடியும் அப்பா ஆகலாம். திருநாவுக்கரசுக்கு இனி உலகத்தில் வேறு வேலை இல்லை.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மரகதம் டைனிங் டேபிளில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒனஹங்காவில் ஒரு மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. சீருடையைக்கூட மாற்றவில்லை. கண்கள் வீங்கியிருந்தன.

"சிந்து போன் பண்ணாளா?"

தலையாட்டினாள்.

"சாப்பாடு போடு. காலைலேர்ந்து ஒண்ணுமில்ல."

போட்டாள். புளியோதரை... எலுமிச்சை சாதம்... தேங்காய் சாதம்.

"என்னடி, மூணு சாதம்? என்ன விசேஷம்?"

மரகதம் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். துக்கத்தில் பிரமை பிடித்துச் சமைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பிசைந்தார். சாப்பிட்டுக்கொண்டே ஜாமர் கதையைச் சொன்னார்.

டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"அந்த ப்ளக்..." மரகதத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது காருக்குள்ள மட்டும்தானே வேலை செய்யும்?"

"யார் சொன்னா? வேலியைத் தாண்டி நூறு, இருநூறு அடிக்குப் போகும்! நான்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேனே!"

"அதைச் சொல்லலீங்க..." என்றாள் மரகதம். "எது செத்துப்போகும்னு சொன்னீங்க. எவ்வளவு தூரத்துக்குன்னு ஒரு நாளும் சொல்லலீங்க."

அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மருமகனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார் மனிதர். எத்தனை பெரிய இஞ்சினியர்!

மறுநாளிலிருந்து சிந்துவுக்குத் துணையாகப் போய்விட்டாள். இவர் தடுக்கவில்லை.

*

புதன். வியாழன். வெள்ளி.

வேலியோரம் ஒவ்வொரு வீடாகத் தட்டினார். ரோட்டில் நிற்கும் லாரி டிரைவர்களிடம் சண்டைக்குப் போனார். மூன்று மாதப் பதிவுகளை ராப்பகலாகத் துழாவினார்.

சனிக்கிழமை காலை... சிக்கியது!

"மகேசா! இங்க வா! பாரு!" கத்தினார். "பன்னெண்டு வாரம்! பதினோரு செவ்வாய்க்கிழமை! எல்லாம் பன்னெண்டரைக்கு மேல, கால் மணி நேரம்! நடுவுல ஒரே ஒரு செவ்வாய் மட்டும் இல்ல!"

"அந்த வாரம் என்ன சார் ஆச்சு?"

"அந்தப் பயலுக்குக் காய்ச்சல் வந்திருக்கும்!"

மகேசன் காபி எடுக்கப் போனான். திருநாவுக்கரசு தேதிகளைக் காகிதத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே போனவரின் பேனா மெல்ல நின்றது.

இந்தத் தேதிகள்... எங்கேயோ பார்த்த மாதிரி...

செல்போனில் ஈமெயிலைத் திறந்தார். டிராக்கர் கம்பெனிக்கு அவர் அனுப்பிய புகார்கள் வரிசையாக இருந்தன.

'இன்று மதியம் 12.33 முதல் 12.55 வரை என் மனைவியின் கார் எங்கே என்று காட்டவில்லை...'

எண்ணினார். பதினோரு புகார். பதினோரு செவ்வாய்.

நடுவில் ஒரு வாரம் புகார் இல்லை. அந்த வாரம் மரகதத்துக்கு ஃப்ளூ. வேலைக்கே போகவில்லை.

இருக்காது... இருக்கவே இருக்காது!

காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். சமையலறை. மேல் தட்டு. கல்யாணச் சீரில் மரகதம் கொண்டுவந்த எவர்சில்வர் அடுக்குக் கேரியர்... இரண்டு இருக்கவேண்டும்.

ஒன்றுதான் இருந்தது.

அதை எடுத்தார். மூடியில் பாத்திரக்கடைக்காரன் புள்ளிபுள்ளியாக வெட்டிக் கொடுத்த பேர் பளபளத்தது. 'தி. மரகதம்.'

மூன்று அடுக்கு.

மூன்று சாதம்!

திருநாவுக்கரசு அடுப்படியிலேயே மண்டியிட்டார். ஏழாவது மாதம். வளைகாப்பு போட வழியில்லாத அம்மா, விடிகாலையில் எழுந்து மகளுக்கு வளைகாப்புச் சோறு கட்டியிருக்கிறாள். நியூ லின் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்து இவரிடம் போட்டுக்கொடுப்பார்கள். அதனால் வாரம் ஒருநாள், மருந்துக் கடை சாப்பாட்டு வேளையில், பக்கத்திலிருக்கும் யார்டு வேலியோரம் மருமகன் கையில் கொடுத்திருக்கிறாள். அவன் போன வாரத்துக் கேரியரைத் திருப்பித் தர வந்திருக்கிறான். வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது என்று சிந்து அதில் இரண்டு பழம் போட்டு அனுப்பியிருக்கிறாள். அவன் வேலி வரைக்கும் வந்து சேரவில்லை. கன்டெய்னர்களுக்குப் பின்னால் நடந்தது தெரியாமல் மரகதம் காத்திருந்து பார்த்துவிட்டு, சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறாள்.

அந்தச் சோற்றைத்தான் அன்றைக்குச் சாயங்காலம் இவர் பிசைந்து தின்றார்!

கார் திருட்டுக்குப் பயந்து டிராக்கர் மாட்டியதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். பொய். மரகதம் மகளைப் பார்க்கப் போய்விடக் கூடாது... அதற்காக மாட்டினார். அதிலிருந்து ஒளிய என்ன வேண்டும் என்று பஜ்ஜியோடு பாடம் நடத்தியவரும் அவரேதான்.

கண்டுபிடித்துவிட்டார். யாரா இருந்தாலும் விடக்கூடாது என்று மகள் தலைமேல் சத்தியம் வேறு!

டிராக்கர் ஆப்பைத் திறந்தார். நீலப் புள்ளி தெளிவாக ஒளிர்ந்தது.

சிட்டி. போலீஸ் ஸ்டேஷன்!

"ஐயோ மரகதம்... சரணடையப் போயிட்டியா!"

*

"என்னுது! அந்த ஜாமர் என்னுது!"

ஸ்டேஷனின் சின்ன அறையில், தனுஷா உட்காரச் சொல்வதற்கு முன்பே திருநாவுக்கரசு கத்தினார்.

"டெஸ்ட் பண்றதுக்காக நான்தான் அவ கார்ல மாட்டினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை உள்ள வைங்க. அவளை விட்டுடுங்க... அவ பொண்ணு பிள்ளை பெறணும்மா, அம்மா கூட இருக்கணும்மா!"

"இருங்கோ சேர்."

"நான் சொல்றதை எழுதிக்குங்க!"

"எழுத ஒண்டுமில்லை." தனுஷா ஒரு போட்டோவை அவர் பக்கம் தள்ளினாள். நசுங்கிய மூடி. புள்ளிபுள்ளியாக எழுத்து. "என்ர சார்ஜன்ட் இதை டிசைன் எண்டு நினைச்சவர். எங்கட ஆக்கள் சட்டி பானையில பேர் வெட்டாமல் விடுவினமே? செவ்வாய்க்கிழமையே வாசிச்சிட்டன். புதன்கிழமை காலமை உங்கட மனுசி தானே ப்ளக்கோட வந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. வழக்கு என்னெண்டு போகுமெண்டு கோர்ட்தான் சொல்லவேணும். இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியாச்சு."

திருநாவுக்கரசின் வாய் பிளந்தது.

"புதன்கிழமையேவா? அப்புறம் ஏன்மா என்னை நாலு நாள் நாயா அலையவிட்டீங்க?"

"உங்கட மகள் கேட்டவ." தனுஷாவின் குரல் தாழ்ந்தது. "'அப்பாக்கு யார் சொன்னாலும் ஏறாது. அவரே தேடட்டும். தேடினா அவர்கிட்டயே வந்து நிக்கும்' எண்டு சொன்னவ."

தேடினார். அவரிடமே வந்து நின்றது.

அழுகை வரவில்லை. கைகூப்பினார்.

"நான் மரகதத்தைப் பாக்கணும்மா. ஒரே ஒரு நிமிஷம். கால்ல விழணும்."

"அவ இஞ்ச இல்லை, சேர்."

"இருக்கா! பாருங்க... புள்ளி இங்கதான் காட்டுது!" செல்போனைத் தூக்கிக் காட்டினார்.

தனுஷா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே தீப்பெட்டி சைஸில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஓரத்தில் சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

டிராக்கர்!

"புள்ளி இஞ்சதான். ஆள் இல்லை. காலமை அவவே சீட்டுக்குக் கீழயிருந்து கழட்டிக்கொண்டு வந்து தந்திட்டுப் போனவ. மகளையும் கூட்டிக்கொண்டு வேற வீட்டுக்குப் போயிட்டினம்."

"எங்க? எந்த வீடு? எந்த ஏரியா?"

தனுஷா எழுந்து அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இவ்வளவு காலமும் சாட்டிலைட்டைத்தான் கேட்டனீங்கள், சேர். ஒருக்கா அவவுக்கே போன் போட்டுக் கேட்டுப் பாருங்கோ. எடுக்காட்டி... டிராக்கர் கம்பெனிக்குப் பன்னிரண்டாவது புகார் எழுதிப்போடுங்கோ!"